ஏழு உறுப்பினர் அட்டைகள்

அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். போன வாரம் மழை விடாமல் பிடித்துக்கொண்டதில் பரண் ஒழுகி, பெட்டி நனைந்துவிட்டது. உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து அடுப்பங்கரையில் விரித்து உலர்த்தினேன். மண்டபம் முகாமில் கொடுத்த காகிதங்கள், அம்மாவின் கொழுந்துக் கணக்குச் சீட்டுகள், சிலோனில் தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டிய ரசீதுகள். அடியில், ரப்பர் பேண்ட் இற்றுப்போய் ஒட்டிக்கொண்ட ஏழு உறுப்பினர் அட்டைகள். ஏழும் ஒரே கட்சி. எந்தக் கட்சி என்று எழுதப் போவதில்லை. எழுதிவிட்டால் நான் சொல்ல வந்தது அந்தக் கட்சியைப் பற்றிய சண்டையாக மாறிவிடும்.

1977-லிருந்து 2009-ல் சாகும் வரை அப்பா அந்தக் கட்சியில் இருந்தார். கொடி கட்டினார், சுவரில் சுண்ணாம்பு அடித்தார், மாநாட்டுக்கு லாரியில் போய் வந்தார். ஆனால் கட்சியின் தலைவர் யார் என்று முடிவு செய்ய அவரிடம் ஒரு துண்டுச் சீட்டைக்கூட யாரும் நீட்டவில்லை. அந்த 32 வருடமும் தலைவர் யார் என்பதை அவர் ரேடியோவில்தான் தெரிந்துகொண்டார்.

இது ஏன் என்னை இவ்வளவு உறுத்துகிறது என்று சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நாங்கள் சிலோன்காரர்கள். நீலகிரி மலையில் பந்தலூரில் எங்களைப் போல ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உண்டு. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத்துத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் ஓட்டும் போனது. அப்பாவுக்கு அப்போது 13, 14 வயது. வளர்ந்து, கவ்வாத்து வெட்டி, கல்யாணம் செய்து, நான் பிறந்து, என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வரைக்கும் அவருக்கு எந்த நாட்டிலும் ஓட்டு இல்லை. நான் பிறந்ததும், நாடற்றவர்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஒரே வருடம், 1964. 1971 கடைசியில் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, இங்கே டேன்டீ தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். இந்த ஒப்பந்தத்தில் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழ்நாடு அரசு 1968-ல் தொடங்கிய தோட்டங்கள் அவை. அப்பா முதல் தடவையாக ஓட்டுப் போட்டது 1977 மார்ச்சில். வயது 42. விரலில் வைத்த மை அழியக் கூடாதென்று இரண்டு நாள் இடது கையைத் தண்ணீரில் நனைக்காமல் வைத்திருந்தார் என்று அம்மா சொல்வாள்.

ஆனால் அதற்கு முன்பே அவர் ஓட்டுப் போடத் தெரிந்தவர். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில், சங்கத்துக் கமிட்டிக்குத் தலைவர் யார், செயலாளர் யார், பொருளாளர் யார் என்று லயத்து ஆட்களே, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளில் இருந்தவர்களே, கூடித் தேர்ந்தெடுத்தார்கள். நாட்டில் இல்லாத ஓட்டு சங்கத்தில் இருந்தது. சந்தா கட்டுகிறவனுக்குக் கை தூக்க உரிமை உண்டு என்பது அப்பாவுக்கு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் போவதைப் போல இயல்பான விஷயம். அந்த எண்ணத்தோடுதான் இங்கே வந்து கட்சி அட்டை வாங்கினார்.

பல வருடம் கழித்து, நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வீட்டில் இருந்த சமயம். கிளைச் செயலாளர் தேர்தல். போட்டிக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் அப்பா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் கூட்டம். பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது என்பதால் அப்பாவே ஒரு வழி சொன்னார்: அவருக்கு வேண்டுமென்றால் தேயிலை, மற்றவருக்கு வேண்டுமென்றால் சவுக்கு இலை. இங்கே சில்வர் ஓக் என்பதைத்தான் சிலோன்காரர்கள் சவுக்கு என்போம். மூடி போட்ட பால் கேன் ஒன்றை உள் அறையில் வைத்தார்கள். ஒவ்வொருவராகப் போய் ஒரு இலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். பெண்கள்தான் அதிகம். கேனைக் கவிழ்த்து எண்ணினால் சவுக்கு 41, தேயிலை 38. அப்பா மூன்று இலையில் தோற்றார்.

தோற்றவர்தான் தீர்மானப் புத்தகத்தில் முடிவை எழுதினார், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால். ஜெயித்தவருக்கு அன்று ராத்திரி எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

மூன்று வாரம் கழித்து ஊட்டியிலிருந்து பட்டியல் வந்தது. எங்கள் கிளைக்குச் செயலாளர் என்று மூன்றாவதாக ஒருவர் பெயர் இருந்தது. அவர் கூட்டத்துக்கே வராதவர். அப்பா அழுது நான் பார்த்தது இரண்டு தடவை, அதில் ஒன்று அன்றைக்கு. "நான் தோத்தது நியாயம்தான். அந்த 41 எங்க போச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தன் 38-ஐப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தலூரிலிருந்து கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழியாக ஊட்டிக்கு பஸ்ஸில் போய்க் கேட்டுவிட்டும் வந்தார். ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது என்று பதில் சொல்லி அனுப்பினார்களாம்.

"ஒருமனதாக" என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் நம்புவதில்லை. அடுத்தடுத்த லயத்தில் இருக்கிற 79 பேருக்கே இரண்டு மனது இருந்தது. லட்சக்கணக்கான உறுப்பினர்களுக்கு எப்படி ஒரே மனது இருக்கும்?

தமிழ்நாட்டில் போட்டியே நடந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். 1940-ல் காமராஜர் மாகாண காங்கிரஸ் தலைவரானது ஓட்டெடுப்பில்தான். அவருக்கு 103, சி.பி. சுப்பையாவுக்கு 100. அதே மூன்று ஓட்டு. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பை என்னால் விவரிக்க முடியாது. 1954-ல் ராஜாஜி விலகியபோதும் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியில் ஓட்டு நடந்தது. காமராஜர் 93, சி. சுப்பிரமணியம் 41. ஜெயித்த காமராஜர், தன்னை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் மந்திரிகளாகச் சேர்த்துக்கொண்டார். போட்டி நடந்தால் கட்சி உடைந்துவிடும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைத்தான் நான் எடுத்து வைப்பேன்.

பிறகு வழக்கம் மாறியது. இன்று காங்கிரசின் மாநிலத் தலைவரை டெல்லி நியமிக்கிறது. அகில இந்தியத் தலைவருக்கு 2022 அக்டோபரில் தேர்தல் நடந்து கார்கே 7,897, சசி தரூர் 1,072 என்று எண்ணினார்கள். ஆனால் ஓட்டுப் போட்டவர்கள் மாநிலங்களின் பிரதிநிதிகள்தான், சாதாரண உறுப்பினர்கள் அல்ல. தி.மு.க.வில் கிளையிலிருந்து பொதுக்குழு வரை படிப்படியாக உட்கட்சித் தேர்தல் உண்டு. உச்சியில், 2018 ஆகஸ்ட் 28-ல் பொதுக்குழு ஸ்டாலினைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தபோதும், 2022-ல் மறுபடி தேர்ந்தெடுத்தபோதும் போட்டி இல்லை. மார்க்சிஸ்ட் கட்சியில் கிளை மாநாட்டில் ஆரம்பித்து மாநில மாநாடு வரை ஏறிப் போகிறார்கள். மாநாடு மாநிலக் குழுவைத் தேர்ந்தெடுக்கும், குழு செயலாளரைத் தேர்ந்தெடுக்கும். 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் பெ. சண்முகம் அப்படித்தான் வந்தார்.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அ.தி.மு.க.வின் விதி. பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எம்.ஜி.ஆர். காலத்திலேயே எழுதி வைத்தது. காகிதத்தில் இதைவிட நல்ல விதி இருக்க முடியாது. ஜெயலலிதா இறந்த பிறகு நடந்ததையும் எல்லோரும் பார்த்தோம். 2016 டிசம்பர் 29 பொதுக்குழு, 2017-ல் அந்தப் பதவியையே எடுத்துவிட்டு ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர், 2022 ஜூலை 11-ல் மறுபடி ஒரு பொதுக்குழு, நடுவில் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம். கடைசியில் 2023 மார்ச் 28-ல் எடப்பாடி பழனிசாமி பொதுச்செயலாளராக அறிவிக்கப்பட்டார், போட்டியின்றி. வேட்புமனு போடுவதற்கே 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், இன்னும் 10 பேர் வழிமொழிய வேண்டும். நீலகிரி முழுக்க ஒருவர் பின்னால் நின்றாலும் அந்த வாசற்படியைத் தாண்ட முடியாது. ஓட்டு உரிமை எல்லோருக்கும் உண்டு, ஓட்டுச் சீட்டு அச்சாக வேண்டிய நிலைதான் வருவதில்லை.

இதையெல்லாம் உலக நடப்பு என்று எடுத்துக்கொண்டுதான் நானும் இருந்தேன். 2018-ல் கனடாவிலிருந்து வந்த ஒரு போன் அதைக் கலைத்துப் போட்டது.

என் சின்னம்மா சிலோனிலேயே தங்கிவிட்டாள். 83 கலவரத்துக்குப் பிறகு அவள் மகன் எப்படியோ கனடா போய்ச் சேர்ந்தான். அவன் மகள், என்னை அத்தை என்று கூப்பிடுகிறவள், டொராண்டோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற ஊரில் இருக்கிறாள். அந்த வருடம் ஜனவரி கடைசியில் ஒன்டாரியோ மாகாணத்தின் முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் திடீரென்று விலகிவிட்டார். ஜூனில் மாகாணத் தேர்தல். கட்சி புதுத் தலைவரைத் தேட வேண்டியிருந்தது. என் மருமகள் 10 டாலர் கட்டி உறுப்பினரானாள். அவ்வளவுதான், அவளுக்கு ஓட்டு வந்துவிட்டது. கிளைப் பிரதிநிதி, பொதுக்குழு உறுப்பினர், எதுவும் ஆக வேண்டியதில்லை. 14 வயதுப் பிள்ளைகூட உறுப்பினராகி ஓட்டுப் போடலாம் என்றாள். பத்தாம் வகுப்புக்கு 30 வருடம் பாடம் எடுத்தவள் நான். நான் அதை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அங்கேயும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. முன்பெல்லாம் பிரதிநிதிகள் மாநாட்டில் கூடித்தான் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1985-ல் கியூபெக் மாகாணத்தில் பார்ட்டி கியூபெக்வா கட்சிதான் எல்லா உறுப்பினருக்கும் நேரடி ஓட்டுக் கொடுத்தது. பிறகு ஒவ்வொரு கட்சியாக மாறின. ஒன்டாரியோ லிபரல் கட்சி 2020 வரை பிரதிநிதி மாநாடுதான், 2023-ல்தான் நேரடி ஓட்டுக்கு வந்தது. ஆக, கட்சிகள் தாங்களாகவே மாற்றிக்கொள்ளலாம். எந்த அரசியல் சட்டமும் தடுக்கவில்லை.

சீட்டில் ஒரு பெயருக்கு மட்டும் டிக் அடிப்பதில்லை. 1, 2, 3, 4 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். நாலு பேர் நின்றார்கள்: டக் ஃபோர்ட், கிறிஸ்டின் எலியட், கரோலின் மல்ரோனி, தான்யா கிரானிக் ஆலன். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசி ஆளை நீக்கிவிட்டு, அவருக்கு முதல் ஓட்டுப் போட்டவர்களின் இரண்டாம் விருப்பத்தை எண்ணுவார்கள். அதனால் வேட்பாளரின் ஆட்கள் போன் செய்து, "உங்கள் முதல் விருப்பம் வேறு யாருக்கோ என்றால் பரவாயில்லை, இரண்டாவதை எங்களுக்குக் கொடுங்கள்" என்று கேட்டார்களாம். எதிர்த்து நிற்கிறவரின் ஆதரவாளரிடமும் மரியாதையாகப் பேசியாக வேண்டிய ஏற்பாடு! எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

இதற்கும் மேல் இன்னொன்று. ஓட்டுகளை மொத்தமாகக் கூட்டுவதில்லை. ஒவ்வொரு தொகுதிக்கும் அதிகபட்சம் 100 புள்ளி. தொகுதியில் 200 உறுப்பினர் இருந்தாலும் 2,000 பேர் இருந்தாலும் அதே 100தான், ஓட்டு விகிதப்படி வேட்பாளர்களுக்குப் பிரிக்கப்படும். இதைக் கேட்டதும் என் மனம் நேராக இந்த மலைக்குத்தான் வந்தது. நீலகிரிக்கு ஊட்டி, குன்னூர், கூடலூர் என்று மூன்றே தொகுதி. சமவெளியில் ஒரு பெரிய நகரத்து உறுப்பினர் எண்ணிக்கையில் நாங்கள் கரைந்து போவோம். பச்சைத் தேயிலை விலையைப் பற்றியோ, யானை மிதித்துச் செத்தவர் வீட்டைப் பற்றியோ பேசினால்தான் ஓட்டு என்ற நிலை எந்தத் தலைவருக்கும் வந்ததில்லை. 234 தொகுதிக்கும் தலா 100 புள்ளி என்றால் மொத்தம் 23,400. அதில் எங்களுக்கு 300. நெருக்கமான போட்டியில் 300 பெரிய எண். தலைவராக ஆசைப்படுகிறவர் பந்தலூர் வரை வந்தே ஆக வேண்டும்.

ஆனால் அதே ஏற்பாடு செய்த வினையையும் சொல்ல வேண்டும். மார்ச் 10, சனிக்கிழமை முடிவு. மார்க்கம் ஊரிலேயே ஒரு மண்டபத்தில் கூட்டம். மத்தியானம் அறிவிப்பதாகச் சொன்னது நேரம் போய்க்கொண்டே இருந்து, மண்டபத்தைக் காலி செய்ய வேண்டியிருந்ததால் கூட்டத்தையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரவு வெகுநேரம் கழித்துத்தான் முடிவு வந்தது. எங்களுக்கு ஞாயிறு காலை, நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தபோது போன் வந்தது. மூன்றாவது சுற்றில் ஃபோர்ட் ஜெயித்தார். எலியட்டுக்குத்தான் மொத்த ஓட்டும் அதிகம், அவர் ஜெயித்த தொகுதிகளும் அதிகம். புள்ளியில் கொஞ்சம் பின்தங்கிவிட்டார். என் மருமகள் எலியட்டுக்குப் போட்டவள். "இது நியாயமா அத்தை?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. அதிக ஓட்டு வாங்கியவர் தோற்பது தப்பு என்று தோன்றுகிறது. சின்ன ஊர்க்காரர்களின் குரல் முழுகக் கூடாது என்றும் தோன்றுகிறது. இன்றுவரை எனக்கு இரண்டும் சேர்ந்துதான் தோன்றுகிறது. அப்பாவின் 41 போல அவளுடைய ஓட்டு காணாமல் போகவில்லை என்று மட்டும் அன்று சொன்னேன். எண்ணினார்கள், எண்ணியதை வெளியே சொன்னார்கள், விதியை முன்பே எழுதி வைத்திருந்தார்கள். எலியட் முதலில் ஏற்க மறுத்தார், மறுநாள் ஏற்றுக்கொண்டார். ஜூனில் ஃபோர்ட் முதல்வரானதும் எலியட்டைத் துணை முதல்வராகவும் சுகாதார மந்திரியாகவும் வைத்துக்கொண்டார். இதை வாசித்தபோது 1954-தான் ஞாபகம் வந்தது.

குறைகள் வேறும் உண்டு. ஆன்லைனில் ஓட்டுப் போட ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்பினார்கள், பலருக்குக் கடைசிவரை வரவில்லை. கூடுதல் நாள் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. வேட்பாளர்களின் ஆட்களே கட்டுக்கட்டாக உறுப்பினர் படிவம் நிரப்புவதும், தேர்தல் முடிந்ததும் அந்த உறுப்பினர்கள் காணாமல் போவதும் அங்கே வாடிக்கை. நம் ஊரில் இதே முறை வந்தால் 10 டாலருக்குப் பதில் யார் பணம் கட்டுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். உறுப்பினராகி ஒரு வருடம் ஆனவருக்குத்தான் ஓட்டு என்று வைக்கலாம். கஷ்டம் இருக்கிறது என்பதற்காக 41 பேரின் இலைகளைக் குப்பையில் கொட்டலாமா?

எனக்கு மிகப் பெரிதாகப் பட்டது, தேர்ந்தெடுத்ததோடு உறுப்பினரின் வேலை முடிவதில்லை என்பதுதான். தலைவர் தொடரலாமா என்று கட்சி மறுபடி ஓட்டெடுக்கிறது. ஆல்பர்ட்டா மாகாணத்தில் முதல்வராக இருந்த ஜேசன் கென்னி 2022 மே மாதம் 51.4 சதவீதம் வாங்கினார். பாதிக்கு மேல்தான். ஆனாலும் இது போதாது என்று பதவி விலகுவதாக அன்று ராத்திரியே அறிவித்தார். ஒன்டாரியோ லிபரல் தலைவர் பானி கிராம்பி 2025 செப்டம்பரில் 57 சதவீதம் வாங்கி, அதே நாளில் விலகுவதாகச் சொன்னார். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் வேண்டாம் என்றதை அவர்களால் ஒதுக்கிவிட முடியவில்லை. அப்பாவுக்கு இதைச் சொல்ல எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவரை நான் எந்தக் கட்சியிலும் சேர முடியாது. 2024-ல் ஓய்வு பெற்ற பிறகு அப்பாவின் கட்சியிலேயே சேர்ந்தேன். ஏழு அட்டைகளோடு இப்போது எட்டாவதாக என்னுடையதும் இருக்கிறது. சேர்ந்த நாளிலிருந்து கேட்கிற ஒரே விஷயம், எங்கள் கிளைக்காவது சீட்டுப் போட்டுத் தேர்தல் வையுங்கள் என்பது. இப்போதைய செயலாளர் என்னிடம் எட்டாவது படித்த பையன், நல்ல பையன்தான். "டீச்சர், மேல போட்டி வேணாம்னு சொல்லிட்டாங்க. ஒருமனதா முடிச்சிருவோமே" என்றான். அப்பாவின் தீர்மானப் புத்தகத்துப் பக்கத்தை அவனிடம் காட்டினேன். 41, 38 என்று எழுதி, கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கும் பக்கம். கையெழுத்தில் ஒன்று அவன் தாத்தாவுடையது. அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி டீச்சர், நடத்துவோம். மேல நான் பேசிக்கறேன்" என்றான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அவனையும் சேர்த்து மூன்று பேர் நிற்கிறார்கள். நோட்டுப் புத்தகத்துத் தாளைக் கிழித்து 70 சீட்டு வெட்டி வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் மூன்று பெயரையும் எதிரே கட்டத்தையும் எழுதி. 1, 2, 3 போட வேண்டும். பெயர் வாசிக்கத் தெரியாத பாட்டிகள் ஐந்தாறு பேர் உண்டு, அவர்களுக்காக ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் ஒரு இலை வரைந்திருக்கிறேன்: தேயிலை, சவுக்கு, பலா. எண்ணும்போது மேசையைச் சுற்றி யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று சொல்லியாகிவிட்டது. இரண்டு மணிக்குத் தொடங்கி நாலரைக்குள் முடிக்க வேண்டும். அதற்கு மேல் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் யானை இறங்குகிறது.